வால்வெள்ளி பார்க்க எது வாங்கலாம்? முதலில் பாதை, பிறகு கருவி

"நாற்பது ஐம்பதாயிரம் வரை போடலாம். வால்வெள்ளி பார்க்கணும். பைனாகுலரா, பெரிய டெலஸ்கோப்பா, இல்லை இப்போ வர்ற ஸ்மார்ட் டெலஸ்கோப்பா?" கடலூரிலும் புதுச்சேரியிலும் வானம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். கேள்வியில் பட்ஜெட் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. எந்த வால்வெள்ளி என்பது மட்டும் இல்லை. விடையை மாற்றுவதே அதுதான்.

200 ஆண்டுக்குள் சூரியனை ஒருமுறை சுற்றி வருவதைக் குறுங்கால வால்வெள்ளி என்கிறார்கள். அதிலும் 20 ஆண்டுக்குள் திரும்புகிறவை வியாழனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்ட குடும்பம். ஹாலி (அடுத்த வரவு 2061) போல வெறுங்கண்ணுக்குத் தெரிகிற ரகம் இவற்றில் அபூர்வம். பெரும்பாலானவை மங்கலான பஞ்சுத் துணுக்குகள். ஆனால் நாள் தவறாமல் வரும். திட்டமிட்டு வாங்க அதுவே வசதி.

## இரண்டு பாதைகள், இரண்டு விதமான தொல்லை

என்கே வால்வெள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 3.3 ஆண்டு. சூரியனுக்கு 0.34 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம் ஒரு அலகு) வரை, அதாவது புதன் கிரகத்தின் பாதைக்கும் உள்ளே நுழைந்துவிட்டு, 4.1 வானியல் அலகு தொலைவுக்கு ஓடிவிடும். அருகில் வரும்போது நொடிக்கு 70 கிலோமீட்டர் வேகம், தொலைவில் 6 கிலோமீட்டர்கூட இல்லை. சுற்றில் பெரும்பகுதி தூரத்தில் மெதுவாக நகர்ந்தே கழிகிறது. நமக்குக் கிடைப்பது சில வாரங்கள்.

1786, 1795, 1805, 1818 என்று நாலு முறை இது கண்ணில் பட்டும் ஒவ்வொரு முறையும் புதிது என்றே நினைத்தார்கள். எல்லாம் ஒன்றே என்று 1819-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் யோஹான் என்கே. 1822-இல் திரும்பும் என்றார், திரும்பியது. அவர் மட்டும் அதை 1818-இல் கண்ட பிரெஞ்சு வானியலாளர் போன்ஸின் பெயரால்தான் குறிப்பிட்டு வந்தார்.

இதன் அடுத்த சூரிய அண்மை (சூரியனுக்கு மிக அருகே வரும் நாள்) 2027 பிப்ரவரி 10-ஐ ஒட்டி. அதற்கு முந்தைய ஜனவரி முழுக்க மாலையில் மேற்கு வானில் இருக்கும். சிக்கல் என்னவென்றால், மாதத் தொடக்கத்தில் உயரமாக இருக்கும்போது மங்கல்; மாதக் கடைசியில் பிரகாசமாகும்போது அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்துவிடும். பிப்ரவரியில் அந்தி வெளிச்சம் விழுங்கிவிடும்.

டெம்பல் 2 வேறு ஜாதி. சுற்றுக்காலம் ஏறத்தாழ 5.4 ஆண்டு, சூரியனை 1.4 வானியல் அலகுக்கு மேல் நெருங்குவதே இல்லை. 2026 ஆகஸ்ட் 2 சூரிய அண்மை. அதே சமயத்தில் பூமிக்கு 0.41 வானியல் அலகு தூரத்தில், சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம். அதனால் இரவின் பெரும்பகுதி தெற்கு வானில் நிற்கும். அந்தித் தொல்லை கிடையாது. ஆனால் அகலமாகப் பரவி நிற்கும் மங்கல் மேகம், ஊர் வெளிச்சத்தில் கரைந்துவிடும்.

என்கேக்குத் தேவை திறந்த மேற்கு அடிவானம். டெம்பல் 2-க்குத் தேவை இருட்டு. கருவியை இந்த இரண்டில் எது கிடைக்கும் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

பரவிய ஒளி. ஒளித்தரம் (எண் கூடக்கூட மங்கல்) 8 என்று செயலி காட்டினால், 8-ஆம் தரத்து நட்சத்திரம் போலத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒளி 10 கலை (பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை) அகலத்துக்குப் பரவினால் ஒரு சதுரக் கலைக்கு 12.7 தரம்தான் மிஞ்சும். முதன்முறை தேடுகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

காற்றின் கனம். அடிவானத்திலிருந்து 10 பாகை உயரத்தில், தலைக்கு மேலே இருப்பதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் காற்றைத் தாண்டி ஒளி வர வேண்டும். கடலோர ஈரக்காற்றில் ஒன்று, ஒன்றரை ஒளித்தரம் அங்கேயே போய்விடும்.

பார்வைப் பரப்பு. செயலியில் பழைய பாதைக் கணக்கு இருந்து, சூரிய அண்மை நாள் ஒரு நாள் பிசகினால் வானத்தில் வால்வெள்ளி ஒரு பாகையோ அதற்கு மேலோ தள்ளி நிற்கலாம். 6 பாகை காட்டும் பைனாகுலர் அந்தப் பிழையை மன்னித்துவிடும். ஒரு பாகை மட்டும் காட்டும் டெலஸ்கோப் மன்னிக்காது. இதற்குப் பரிகாரம் செலவில்லாதது: ஸ்டெல்லேரியம் என்ற வானப்பட மென்பொருளில் சோலார் சிஸ்டம் எடிட்டர் பிளக்-இன்னைத் திறந்து, வால்வெள்ளிப் பாதைகளைத் தொகுத்து வைக்கும் மைனர் பிளானட் சென்டரிலிருந்து புதிய பாதை எண்களை இறக்கிக்கொள்ளுங்கள். பார்க்கிற வாரத்திலேயே செய்வது நல்லது.

தூக்கிக்கொண்டு போக முடிவது. நம் கரை கிழக்கே பார்த்தது. விடியற்கால வால்வெள்ளி என்றால் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்றால் போதும், எதிரே கடல், தடையே இல்லை. மாலை வால்வெள்ளிக்கு அதே கரை உதவாது: முதுகுக்குப் பின்னால் ஊர் முழுக்க விளக்கு. கடலூரிலிருந்து தென்மேற்கே நெய்வேலியின் வெளிச்சம் வேறு. ஆக, என்கேக்காக மேற்கே தண்ணீர் இருக்கும் ஒரு கரைக்குப் போக வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு ஊசுடு ஏரி (பறவைகள் சரணாலயம், இருட்டிய பிறகு நிற்க முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்). கடலூர் மாவட்டத்தில் சிறந்தது வீராணம் ஏரியின் கிழக்குக் கரை. அங்கிருந்து பார்த்தால் நெய்வேலியும் வடக்கே ஒதுங்கிவிடும்.

உப்பும் ஈரமும். கருவியை வாங்கிய பிறகு ஆண்டுதோறும் கேட்கிற செலவு இது.

எதைக் கொண்டு வர வேண்டும். கண்ணால் பார்த்த திருப்தியா, படமா, பாதையைக் கணக்கிடும் அளவுக்கு நிலைக் குறிப்புகளா?

| | 10×50 பைனாகுலர் | 8 அங்குல டாப்சோனியன் (அடிப்பெட்டி மேல் கையால் திருப்பும் கண்ணாடி டெலஸ்கோப்) | கேமரா + டிராக்கர் (வானம் சுழல்வதற்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் கருவி) | ஸ்மார்ட் டெலஸ்கோப் |
|---|---|---|---|---|
| தோராய விலை (ரூ.) | 8,000–15,000 | 50,000–70,000 | கேமரா தவிர 40,000–60,000 | 50,000–70,000 |
| ஒரே பார்வையில் வானம் | 6.5 பாகை | 1 பாகை | 9.5 × 6.3 பாகை (135 மிமீ லென்ஸ்) | 1.3 × 0.7 பாகை |
| போக்குவரத்து | தோளில் | கார் அல்லது ஆட்டோ | பை + முக்காலி | முதுகுப்பை |
| என்கே, ஜனவரி கடைசி | நன்று | கரைக்குக் கொண்டுபோனால் நன்று | நன்று | சுமார் |
| டெம்பல் 2, ஊருக்குள் | கஷ்டம் | கஷ்டம் | சுமார் | நன்று |
| டெம்பல் 2, இருட்டில் | சுமார் | மிக நன்று | நன்று | நன்று |
| பாதை அளக்க | முடியாது | முடியாது | முடியும் | எளிது |

## 10×50 பைனாகுலர்

50 மிமீ முகப்பை 10 மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 5 மிமீ. இருட்டில் விரியும் கண்மணிக்கு ஏறத்தாழ சரியான அளவு. பரவிய ஒளிக்கு இதைவிடப் பொருத்தம் கிடைப்பது கஷ்டம். 20×80 வாங்கச் சொல்கிறவர்கள் உண்டு. கையில் பிடித்தால் நடுங்கும், முக்காலியில் வைத்தால் கழுத்து ஒடியும். முதல் கருவியாக அது வேண்டாம்.

10×50-ஐயும் கையில் பிடித்தபடி மங்கலான வால்வெள்ளியைத் தேட முடியாது. சில நூறு ரூபாய்க்கு எல் வடிவப் பிடி கிடைக்கும். பைனாகுலரின் நடு அச்சில் முன்பக்க மூடியைக் கழற்றினால் திருகுத் துளை இருக்கும். வாங்கும்போதே அந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள், சில மலிவு மாடல்களில் இருப்பதில்லை. இன்னொரு சோதனை: தூரத்துக் கம்பத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டே கண்ணிலிருந்து பைனாகுலரை மெல்ல விலக்குங்கள். பிம்பம் இரண்டாகப் பிரிந்தால் உள்ளே முப்பட்டகம் நகர்ந்திருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு பூஞ்சை. கரையோர வீட்டில் துணிப்பையில் வைத்த பைனாகுலருக்கு ஒரு ஐப்பசி-கார்த்திகை மழைக்காலம் போதும், லென்ஸுக்குள் சிலந்தி வலை போல ஓடியிருக்கும். காற்றுப்புகாத மளிகை டப்பாவும் கால் கிலோ சிலிக்கா ஜெல்லும் தீர்வு. ஜெல் நிறம் மாறியதும் குறைந்த தீயில் வறுத்தால் மறுபடி உழைக்கும். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு உண்டு, சமையல் வாணலியைத் தொடாதீர்கள்.

பைனாகுலரால் நிலையை அளக்க முடியாது என்றாலும் பிரகாசத்தை மதிப்பிட முடியும். வால்வெள்ளியின் பிரகாசத்தை மனதில் வாங்கிக்கொண்டு, பக்கத்து நட்சத்திரத்தை அதே அளவுக்குப் பெரிதாகும்வரை ஃபோகஸ் கலைத்து ஒப்பிடுங்கள். சற்றுப் பிரகாசமான ஒன்று, சற்று மங்கலான ஒன்று என்று இரண்டு நட்சத்திரம் இருந்தால் நடுவே எண் வைத்துவிடலாம்.

யாருக்கு: பைக்கில் போகிறவர், முதல் கருவி வாங்குகிறவர், என்கேயைக் குறிவைத்தவர். யோசிக்கவே வேண்டாம்.

## 8 அங்குல டாப்சோனியன்

கண்ணால் பார்க்கிற இன்பத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. 1200 மிமீ குவியத் தூரத்தில் 25 மிமீ ஐபீஸ் வைத்தால் 48 மடங்கு, ஒரு பாகை வானம். 32 மிமீ வைத்தால் 37 மடங்கு, 1.3 பாகை, தேடுவதற்கு இதுவே மேல். நடுவில் இறுகிய கரு, ஒரு பக்கமாக விசிறிப் போகும் வாயு இதெல்லாம் இதில்தான் பிடிபடும். நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்து, குழாயை விரலால் மெல்லத் தட்டுங்கள். அசைகிற மங்கலைக் கண் சுலபமாகப் பிடிக்கும்.

என்கேயில் தூசு குறைவு, வாயு அதிகம். கார்பன் மூலக்கூறுகள் 511, 514 நானோமீட்டர் அருகே பச்சையாக ஒளிர்கின்றன. அந்தப் பட்டையை மட்டும் விடும் ஸ்வான் ஃபில்டர் இந்தக் குழாயில் நிஜமாகவே வித்தியாசம் காட்டும். பைனாகுலர்காரர்கள் அதற்குக் காசு போட வேண்டாம்.

இனி கசப்பான பகுதி. குழாய் 1.2 மீட்டர் நீளம், அடிப்பெட்டியோடு 20 கிலோவுக்கு மேல். பைக்கில் ஏறாது. வீராணத்துக்குப் போக வர வண்டி வாடகை ஒவ்வொரு முறையும் உண்டு. மொட்டை மாடியே கதி என்று இருந்தால், மேற்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கும் 10 பாகைக்குள் என்கே இறங்கிவிடும். வாங்கும் முன் மாடியில் நின்று மேற்கே கையை நீட்டி, முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வையுங்கள். ஒரு முஷ்டி ஏறத்தாழ 10 பாகை. அந்த முஷ்டிக்குள் என்னென்ன மறைகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கண்ணாடியின் அலுமினியப் பூச்சை உப்புக்காற்று அரிக்கும். கடற்கரைக்கு எடுத்துப்போன இரவுக்குப் பிறகு துடைக்காதீர்கள். உப்புத் துகள் கீறிவிடும். ரப்பர் பம்பால் ஊதிவிட்டு, குழாயின் இரண்டு முனையையும் மூடி வைத்தால் போதும். கண்ணாடிகளை நேராக்கும் கருவி ஒன்று கட்டாயம் வாங்க வேண்டிவரும். ஆனால் 40 மடங்கில் வால்வெள்ளி பார்க்க இம்மி பிசகாத நேர்த்தி தேவையில்லை, அதற்காக ராத்திரியை வீணாக்காதீர்கள்.

குழாயைத் திருப்பினால் எதிர்பாராததும் கிடைக்கும். 1689 டிசம்பரில் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்வெள்ளியைக் கவனித்துக்கொண்டிருந்த இயேசுசபைப் பாதிரியார் ழான் ரிஷோ, ஆல்ஃபா சென்டாரி ஒற்றை நட்சத்திரமல்ல, இரட்டை என்பதைக் கண்டார்.

யாருக்கு: கார் இருக்கிறவர், அல்லது இருட்டான கிராமத்தில் திறந்த களம் இருக்கிறவர். டெம்பல் 2 போலத் தெற்கே உயர நிற்கிற மங்கல் மேகத்துக்கு முதல் தேர்வு.

## கேமராவும் டிராக்கரும்

ஏற்கெனவே கேமரா இருந்தால் மட்டுமே இந்த வழி லாபம். டிராக்கர் இல்லாமலே தொடங்கலாம்: 135 மிமீ லென்ஸில் 2 நொடிப் படங்கள் நூறு எடுத்து ஒன்றாக அடுக்கினால் 8-ஆம் தரத்து வால்வெள்ளி பச்சைப் புள்ளியாக வந்துவிடும்.

டிராக்கர் வாங்கும்போது கடைக்காரர் சொல்லாத விஷயம் நம் அட்சரேகை. டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை ஒட்டி நிறுத்த வேண்டும்; அதுவோ இங்கே அடிவானத்துக்கு மேல் 12 பாகைதான். கடலூரிலிருந்து பார்த்தால் அந்தத் திசையில் புதுச்சேரியின் வெளிச்சம். பல இரவுகளில் அது தெரியவே தெரியாது. போன் காம்பஸையும் சாய்வு அளவியையும் வைத்து அச்சைக் குத்துமதிப்பாக நிறுத்தலாம். காந்த வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் இங்கே வித்தியாசம் 2 பாகைக்கும் குறைவு. 2 பாகை பிசகினாலும் 30 நொடியில் 15 விகலைக்கு (கலையில் அறுபதில் ஒன்று ஒரு விகலை) சற்று மேல்தான் இழுக்கும், 135 மிமீ லென்ஸில் இரண்டு மூன்று பிக்சல். 15 நொடியாகக் குறைத்துக்கொண்டால் படம் தப்பிவிடும். 400 மிமீ லென்ஸ் கனவெல்லாம் இந்த முறைக்குச் சரிப்படாது.

படங்களை அடுக்குவதில் ஒரு கண்ணி உண்டு. வால்வெள்ளி நாளுக்கு ஒரு பாகை நகர்ந்தால் நிமிடத்துக்கு 2.5 விகலை. நட்சத்திரங்களை வைத்து 20 நிமிடப் படத்தை அடுக்கினால் வால்வெள்ளி 50 விகலைக்கு இழுபட்டுக் கோடாகும். சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர் இரண்டிலும் வால்வெள்ளியை வைத்து அடுக்கும் வசதி உண்டு, இரண்டுமே இலவசம்.

யாருக்கு: ஏரிக்கரை, பனைமர வரிசை, அந்தி நிறம் எல்லாம் சேர்ந்த அகலப் படம் வேண்டுமென்பவர்.

## ஸ்மார்ட் டெலஸ்கோப்

சீஸ்டார் எஸ்50 போன்றவை 50 மிமீ லென்ஸ், 250 மிமீ குவியத் தூரம், உள்ளேயே கேமரா. கண் வைத்துப் பார்க்க இடமே கிடையாது. போன் திரையில்தான் பார்க்க வேண்டும். இது வானம் பார்ப்பதே இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் புதுச்சேரி முத்தியால்பேட்டை மாடியிலிருந்து டெம்பல் 2-ஐக் காண வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இல்லை: 10 நொடிப் படங்களாக அடுக்கிக்கொண்டே போய் ஊர் வெளிச்சத்தைப் பின்னணியாகக் கழித்துவிடும். பனிப்படலம் படியாமல் இருக்க உள்ளேயே சூடேற்றி உண்டு. மார்கழி-தை இரவுகளில் அது பெரிய உபகாரம்.

என்கேயில் இது தடுமாறும். அந்தி வெளிச்சத்தில் போதிய நட்சத்திரம் கிடைக்காமல் திசையை உறுதிசெய்யத் திணறும். உறுதிசெய்து முடிப்பதற்குள் வால்வெள்ளி மூட்டத்துக்குள் இறங்கியிருக்கும். உயரமாக நிற்கும் ஜனவரி முதல் வாரத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். செயலியின் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வானக் குறியெண்களைக் கையால் கொடுக்கலாம். ஏரிக்கரையில் சிக்னல் இருக்காது, செயலி அப்டேட்டை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

இதன் நிஜமான பலம் பாதையை அளப்பது. சேமிக்கும் ஃபிட்ஸ் (வானியல் பட வடிவம்) கோப்பில் நேரம் பதிவாகிறது. படத்தில் உள்ள நட்சத்திரங்களை வைத்து வால்வெள்ளியின் நிலையை ஒரு பிக்சலுக்குள், அதாவது 2.4 விகலைக்குள் எடுத்துவிடலாம். மூன்று இரவுகளின் நிலைகளை ஃபைண்ட் ஆர்ப் மென்பொருளில் கொடுத்தால் பாதையைத் தரும். அடுத்தடுத்த மூன்று நாள் கொடுத்தால் அபத்தமான விடை வரும், ஏனென்றால் வளைவு தெரியும் அளவுக்கு வில் நீளவில்லை. ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி விடுங்கள். என்கேக்கு அரை நெட்டச்சு (நீள்வட்டப் பாதையின் நீள அச்சில் பாதி) 2.2 வானியல் அலகு அருகே வந்தால் வேலை சரி. 2.22-ஐ மும்மடி எடுத்து வர்க்கமூலம் கண்டால் 3.31, அதுதான் ஆண்டுக் கணக்கில் சுற்றுக்காலம். பதினொன்றாம் வகுப்பு மாணவருக்குக் கெப்ளரின் மூன்றாம் விதியைக் காட்ட இதைவிட நல்ல செய்முறை கிடையாது.

மறைமுகச் செலவு: பேட்டரி கிழடாகும், செயலியின் ஆதரவு நின்றால் கருவி பெட்டிதான். டாப்சோனியனை இருபது ஆண்டு கழித்தும் விற்கலாம்.

யாருக்கு: ஊருக்குள் குடியிருப்பவர், பள்ளி அறிவியல் மன்றம், கணக்குப் பிரியர்.

## மேகத்துக்கு ஒரு ஒதுக்கீடு

எதை வாங்கினாலும் வானம் கைவிடலாம். வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் ஓராண்டுக்கு மேல் காத்திருந்த லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளருக்கு, 1769 ஜூனில் அந்தக் காலைப்பொழுதில் மட்டும் மேகம் மூடியது. வால்வெள்ளி அவ்வளவு கொடூரமில்லை, வாரக் கணக்கில் இடம் கொடுக்கும். என்கேக்கு நிலவில்லாத மாலைகள் இரண்டு தவணை: 2027 ஜனவரி முதல் பத்து நாள்; பிறகு 22-ஆம் தேதிப் பௌர்ணமி தாண்டி 25-லிருந்து பிப்ரவரி 6 தை அமாவாசை வரை. இருட்டுவது ஏழேகால் மணிக்கு, அதற்குச் சற்று முன்பே தேடத் தொடங்குங்கள். நடுவில் போகிப் புகை வேறு, அந்த வாரத்தை மறந்துவிடுங்கள். டெம்பல் 2-க்கு 2026 ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசையின் இரு பக்கமும் ஒரு வாரம். அந்தப் பருவத்தில் மாலை இடிமழை பெய்து ஓய்ந்த பின்னிரவுதான் பெரும்பாலும் தெளிவு.

## பணம் கொடுக்கும் முன்

யாரிடமாவது ஒரு பைனாகுலரை இரவல் வாங்கி, நிலவில்லாத மார்கழி மாலையில் நீங்கள் பார்க்கப்போகும் அதே இடத்துக்குப் போங்கள். மிராக் நட்சத்திரத்துக்கு ஒரு பக்கம் ஆண்ட்ரமீடா கேலக்ஸி இருக்கும், அது சுலபம். மறுபக்கம் ஏறத்தாழ அதே தூரத்தில் எம்33 கேலக்ஸி. மொத்த ஒளித்தரம் 5.7, ஆனால் ஒரு பாகைக்குப் பரவியது. வால்வெள்ளி தருகிற அதே தொல்லையைத் தரும். அது மங்கலாகவாவது தெரிந்தால் உங்கள் இடம் தேறியது, பைனாகுலரோ டாப்சோனியனோ வாங்கலாம். தெரியவே இல்லையென்றால் எட்டு அங்குலக் கண்ணாடியும் அந்த இடத்தில் பெரிதாக எதையும் காட்டாது. ஸ்மார்ட் டெலஸ்கோப் வாங்குங்கள், அல்லது அந்தப் பணத்தில் வீராணத்துக்குப் பத்து முறை வண்டி பிடியுங்கள்.